எதிரி படை எவ்வளவு பலம்னு மோதுறதுக்கு முன்னாடியே எப்படிக் கணிக்கிறது? – ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2

குடியாத்தம்_குதிரை

எல்லாருக்கும் வணக்கம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கம்ப்யூட்டர் போர் ஆட்டம், டெபினிட்டிவ் எடிஷன். வர்ற ஞாயித்துக்கிழமை காட்பாடியில நாலு பேர் லேன் போட்டு ஆடுறோம். அதுக்குள்ள ஒரு விஷயம் தெளிவாயிடணும்.

கேசில் ஏஜ் (ஆட்டத்தோட மூணாவது யுகம்) வந்து மூணு நாலு நிமிஷத்துல எதிராளி 12 நைட்டோட (குதிரைவீரன்) நம்ம மரவெட்டுப் பக்கம் வந்து நிக்கிறான்னு வைங்க. நம்மகிட்ட 20 கிராஸ்போ (வில்லாளி), அம்பு அப்கிரேட் ஃபிளெட்ச்சிங்கும் பாட்கினும் போட்டாச்சு. நின்னு அடிக்கிறதா, டவுன் சென்டருக்குப் பின்வாங்குறதா? யோசிக்க மூணு செகண்டு கூட இல்ல. தலை எண்ணினா நாமதான் ஜாஸ்தி. ஆனா ஒரு ஆட்டத்துல இதே 20 பேர் பாதி நைட்டைக் காலி பண்றாங்க, இன்னொரு ஆட்டத்துல ஒண்ணோ ரெண்டோ நைட்தான் விழுது, நம்ம ஆள் மொத்தமும் போயிடுது. ஓரத்துல இருக்கிற ஸ்கோரைப் பார்த்தும் ஒண்ணும் பிடிபடல.

எதை எண்ணணும், எங்க பார்க்கணும், எத்தனை இருந்தா மோதலாம்? பொதுவான அறிவுரை வேணாம், கணக்கோட சொல்லுங்க.

---

பாலாறு_பைக்மேன்

முதல்ல ஸ்கோரை விடுங்க. ராணுவம், பொருளாதாரம், தொழில்நுட்பம், சமூகம் நாலும் கூட்டி வர்ற எண் அது. எதிராளி பத்து ஃபார்ம் போட்டாலும் ஏறும், ரெண்டு ஆராய்ச்சி முடிச்சாலும் ஏறும். இப்ப எதிர்ல நிக்கிற படையைப் பத்தி அது எதுவும் சொல்லாது.

அடுத்தது தலை எண்றது. 20 பெருசு, 12 சின்னது என்பதே இங்க தப்புக் கணக்கு. கிராஸ்போ ஒண்ணு 25 மரம், 45 தங்கம், மொத்தம் 70. நைட் ஒண்ணு 60 உணவு, 75 தங்கம், மொத்தம் 135. உங்க 20 பேரோட மதிப்பு 1400. எதிர்ல வர்ற 12 பேரோட மதிப்பு 1620. அதாவது எதிராளி படைதான் பெருசு. படையைப் பார்த்ததும் மனசுல தலையை எண்ணாம விலையைப் போடப் பழகுங்க. நைட் ஒண்ணுக்கு கிராஸ்போ ரெண்டுன்னு வைச்சா கணக்கு சுலபம்: 12 நைட்டுக்கு 24. உங்ககிட்ட 20தான் இருக்கு.

ஆனா விலையும் பாதி உண்மைதான். மீதி பாதி அப்கிரேட். அதைப் பார்க்கிற இடம் உங்க கண்ணு முன்னாலயே இருக்கு: எதிரி நைட் ஒண்ணு மேல ஒரு கிளிக். கீழ இருக்கிற பேனல்ல அந்த யூனிட்டோட ஹெச்பி (உயிர் அளவு), அட்டாக், ஆர்மர் (கவசம்) எல்லாம் தெரியும். எதிரி யூனிட்டைக் கட்டம் போட்டு மொத்தமா செலக்ட் பண்ண முடியாது, ஒண்ணு ஒண்ணாத்தான். ஒண்ணு போதும், அப்கிரேட் படை முழுசுக்கும் ஒண்ணுதானே. பேனல்ல பார்க்க வேண்டியது மூணே எண்.

ஹெச்பி 100ஆ 120ஆ? 120ன்னா குதிரைக்கு ஹெச்பி ஏத்துற பிளட்லைன்ஸ் ஆராய்ச்சி போட்டாச்சு. எதிராளி ஆடுற இனம் ஃபிராங்க்ஸா இருந்தா இது வேற, அவங்க குதிரைக்குப் பிறவியிலேயே 20 சதவீதம் கூட. அவங்களுக்கு பிளட்லைன்ஸ் கிடையாது.

ஆர்மர்ல ரெண்டாவது எண். முதல் எண் கைகலப்புக்கு, ரெண்டாவது அம்புக்கு. நைட்டுக்கு அடிப்படை 2/2. குதிரைக் கவச அப்கிரேட் ஸ்கேல் பார்டிங் போட்டா ரெண்டுலயும் 1 ஏறும், செயின் பார்டிங் போட்டா இன்னொரு 1.

அட்டாக் 10ஆ, 11ஆ, 12ஆ?

இனி கணக்கு. அம்போட அட்டாக்ல இருந்து அம்பு ஆர்மரைக் கழிச்சா வர்றதுதான் ஒரு அம்போட அடி. எவ்வளவு கழிச்சாலும் 1க்குக் கீழ போகாது. உங்க கிராஸ்போ அட்டாக் 5, ரெண்டு அப்கிரேடோட 7.

எதுவுமே போடாத நைட்: 7ல 2 போக 5. ஹெச்பி 100. சாக 20 அம்பு.
ஸ்கேல் பார்டிங் மட்டும்: அடி 4. சாக 25 அம்பு.
செயின் பார்டிங் வரைக்கும்: அடி 3. சாக 34 அம்பு.
அதோட பிளட்லைன்ஸும்: 120 ஹெச்பி. சாக 40 அம்பு.

பார்க்க நாலும் ஒரே நைட், ஒரே உருவம், ஒரே நிறம். 20 அம்புல சாகிறதும் 40 அம்புல சாகிறதும் வெளியில இருந்து பார்த்தா ஒண்ணுதான். ஒரு ஆட்டத்துல பாதியைக் காலி பண்ற அதே 20 பேர் இன்னொரு ஆட்டத்துல ஒண்ணு ரெண்டோட நின்னுடுறதுக்குக் காரணம் இதுதான்.

எதிர்ப்பக்கக் கணக்கையும் பாருங்க. கிராஸ்போவுக்கு 35 ஹெச்பி, ஆர்மர் 0. நைட் அட்டாக் 10ன்னா நாலு வெட்டு. வெட்டு அப்கிரேட் ஃபோர்ஜிங் போட்டு 11 ஆனாலும் நாலு வெட்டுதான், மூணு வெட்டுக்கு 33தான் வரும், ரெண்டு ஹெச்பி மிச்சம் நிக்கும். அயர்ன் காஸ்டிங் வந்து 12 ஆச்சுன்னா மூணு வெட்டு, 36. அந்த ஒரு அட்டாக் உங்க ஆளோட ஆயுசுல கால்வாசியைத் தின்னுடுது. அதுக்கு பதிலா நீங்க பேடட் ஆர்ச்சர் ஆர்மர் ஒண்ணு போட்டா 12, 11 ஆகி மறுபடி நாலு வெட்டு. எந்த எண்ணுல அடிகளோட எண்ணிக்கை மாறுதுன்னு தெரிஞ்சா, பிளாக்ஸ்மித்ல (ஆயுத, கவச அப்கிரேட் போடுற கட்டடம்) எதை முதல்ல போடறதுன்னும் தெரிஞ்சிடும்.

---

வெயிலூர்_வில்லாளி

பைக்மேன் அண்ணா சொல்றது சரிதான், ஆனா 12 நைட் எதிர்ல வந்து நின்னப்புறம் கிளிக் பண்ணிகினு உக்காந்தா மரவெட்டிங்க நாலு பேர் போயிருப்பாங்க. அவன் படையை அவன் வீட்டுலயே எண்ணணும் தம்பி.

ஸ்கவுட்டை (வேவு பார்க்கிற குதிரைக்காரன்) எடுத்துக்கினு போயி அவன் தங்கச் சுரங்கத்தை ஒரு சுத்து சுத்து. தங்கத்துல எத்தினி பேர் நிக்கிறான், ஸ்டேபிள் (நைட் உருவாகிற கட்டடம்) எத்தினி இருக்கு. இந்த ரெண்டு எண்ணு போதும், அடுத்த மூணு நிமிஷத்துல எவ்ளோ படை வரும்னு சொல்லிடலாம்.

நைட் ஒண்ணு உருவாக 30 செகண்டு. ரெண்டு ஸ்டேபிள் நிக்காம ஓடுனா நிமிஷத்துக்கு 4 நைட். அதுக்கு 300 தங்கம், 240 உணவு. அப்கிரேட் இல்லாத தங்கச் சுரங்க வில்லேஜர் ஒருத்தன் நிமிஷத்துக்கு 23 தங்கம் சுமாரா கொண்டாருவான். அப்போ 13 பேர் தங்கத்துல இருந்தாத்தான் ரெண்டு ஸ்டேபிள் ஓடும். 7 பேர்தான் நிக்கிறான், ஸ்டேபிள் மூணு கட்டி வச்சிருக்கான்னா, அது சும்மா பந்தா. ஒரு ஸ்டேபிள்தான் உண்மையில ஓடுது.

உணவுப் பக்கம் நைட்டுக்கு 240, அதோட டவுன் சென்டர் 25 செகண்டுக்கு ஒரு வில்லேஜர் போட்டுகினே இருந்தா நிமிஷத்துக்கு 120. மொத்தம் 360. ஃபார்ம்காரன் ஒருத்தன் நிமிஷத்துக்கு 20 கிட்ட. அதாவது 18 ஃபார்ம் இருக்கணும். 10 ஃபார்ம்தான் கண்ணுல படுதுன்னா, ஒண்ணு நைட் நின்னுடும், இல்ல வில்லேஜர் நின்னுடும்.

இப்ப கேள்வியில இருக்கிற 12 நைட்டுக்கு வா. ரெண்டு ஸ்டேபிள், மூணு நிமிஷம், 12 நைட், 900 தங்கம். கேசில் ஏஜ் ஏறவே 800 உணவு 200 தங்கம் போயிருக்கும். பிளட்லைன்ஸ் 100 தங்கம், செயின் பார்டிங் 150 தங்கம் தனி. தங்கத்துல 13 பேரை வச்சிகினு மூணே நிமிஷத்துல 12 நைட்டும் முழு அப்கிரேடும் ரெண்டும் வராது. சீக்கிரமா வந்த 12ன்னா அப்கிரேட் கம்மியா இருக்கும். ரெண்டு நிமிஷம் லேட்டா வந்த அதே 12ன்னா ஜாக்கிரதை, அந்த ரெண்டு நிமிஷத் தங்கம் பிளாக்ஸ்மித்ல போயிருக்கு. எத்தினி மணிக்கு வந்தான்றதும் ஒரு தகவல்தான்.

ரெலிக்கை (மேப்ல கிடக்கிற புனிதப் பொருள்) மறக்காதே. மடத்துல ஒரு ரெலிக் இருந்தா நிமிஷத்துக்கு 30 தங்கம் சும்மா வரும், அது ஒரு ஆளுக்கும் மேல. நாலு ரெலிக் வச்சிருந்தான்னா சுரங்கத்துல கண்ணுக்குத் தெரியாம அஞ்சு பேர் நிக்கிறான்னு கணக்குல சேத்துக்க. லித்துவேனியன்ஸா இருந்தா இன்னும் மோசம், ரெலிக் ஒண்ணுக்கு நைட் அட்டாக்கே 1 ஏறும்.

ஒண்ணு மட்டும் கவனம். இருட்டு மூடுனப்புறம் கட்டடம் மட்டும் நீ கடைசியா பார்த்த மாதிரியே நிக்கும், ஆளுங்க மறைஞ்சிடுவாங்க. அஞ்சு நிமிஷம் முன்னாடி பார்த்த ஒத்தை ஸ்டேபிளை நம்பிகினு இருந்தா இப்ப அங்க மூணு இருக்கும். கேசில் ஏஜ்ல ஒரு தடவையாவது மறுபடி போயி பாரு.

---

குடியாத்தம்_குதிரை

ரெண்டு பேருக்கும் நன்றிண்ணா. அம்பு எண்ணிக்கை புரிஞ்சிடுச்சு. ஆனா மொத்தச் சண்டை? ஒரு நைட் சாக 20 அம்புன்னா, 20 பேர் ஒரு தடவை விட்டா ஒரு நைட், 12 தடவை விட்டா 12ம் காலின்னு போட்டா சரியா வருமா? இன்னொண்ணு, நான் ஆடுறது டிராவிடியன்ஸ். நைட்டே கிடையாது. அதுக்கு கணக்கு மாறுமா?

---

அகழி_காவல்

அப்படிப் போட்டா சரியா வராது. ரெண்டு காரணம்: அம்பு எல்லாம் படாது, எதிராளியும் நின்னுக்கிட்டு இருக்க மாட்டான்.

குறியைக் கூட்டுற தம்ப் ரிங் ஆராய்ச்சி இல்லாத கிராஸ்போவுக்குக் குறி 85 சதவீதம். 20 அம்புல 17ன்னு வைங்க. ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை விடும். தூரம் 5, ரெண்டு அப்கிரேடோட 7 கட்டம். நைட்டோட வேகம் செகண்டுக்கு 1.35 கட்டம். ஏழு கட்டத்தைக் கடக்க அஞ்சு செகண்டுக்குக் கொஞ்சம் மேல. அதாவது கைக்கு எட்டுறதுக்குள்ள உங்களுக்குக் கிடைக்கிறது மூணே மூணு சரம் அம்பு.

அப்கிரேட் இல்லாத நைட்னா ஒரு சரத்துக்கு 17 × 5 = 85. மூணு சரத்துல 255. ரெண்டு நைட் விழும், மூணாவது பாதி உயிரோட வரும்.

முழு அப்கிரேட் நைட்னா 17 × 3 = 51. மூணு சரத்துல 153. ஒண்ணு விழும், ரெண்டாவதுக்குக் கீறல். மீதி 11 பேர் உங்க நடுவுல வந்து நிப்பாங்க.

அதுக்கப்புறம் 1.8 செகண்டுக்கு ஒரு வெட்டு. நாலு வெட்டுல ஒரு கிராஸ்போன்னா முதல் வெட்டுல இருந்து 5.4 செகண்டுல முன்வரிசையில பத்து பேர் கிட்ட காலி. அப்கிரேட் இல்லாத நைட்டா இருந்தாலும் நீங்க நின்ன இடத்திலேயே நின்னா கடைசியில நைட்தான் ஜெயிக்கும், ஆனா பாதிக்கு மேல இழந்திருப்பான். முழு அப்கிரேட்னா மூணு நாலு நைட்தான் இழப்பான். ஆக, வெட்டவெளியில நின்னு அடிக்க 20 பத்தாது. முதல் வகைக்கு 25 வேணும், இல்லாட்டி சரம் விட்டுட்டுப் பின்வாங்கி மறுபடி சரம் விடுற கைப்பழக்கம் வேணும். ரெண்டாவது வகைன்னா 12 நைட் எதிர்ல 20 கிராஸ்போவை வச்சுக்கிட்டு யோசிக்கவே வேண்டாம், டவுன் சென்டருக்குப் போங்க.

இப்ப படையோட அளவுக்கும் பலத்துக்கும் உள்ள உறவு. லான்செஸ்டர்னு ஒரு இங்கிலாந்து பொறியாளர் 1916ல போட்ட கணக்கு இந்த ஆட்டத்துக்கும் பொருந்தும். தூரத்துல இருந்து எல்லாரும் எல்லாரையும் அடிக்க முடிஞ்சா, பலம் எண்ணிக்கையோட வர்க்கத்துல ஏறும். சரிசமமான வில்லாளிகள் 30க்கு 20 மோதினா 30 பக்கம் 10 பேரோட ஜெயிக்காது. 900ல 400 போக 500, அதோட வர்க்கமூலம் 22. இருபத்திரெண்டு பேர் உயிரோட திரும்பி வருவாங்க. அதனாலதான் வில்லாளி படையில நாலு பேர் கம்மின்னாலும் மோதக் கூடாது, நாலு பேர் சேர்த்துக்கிட்டு வந்து மோதணும். படையை ரெண்டா பிரிச்சு அனுப்பினா ஒவ்வொரு கும்பலோட பலமும் பாதி ஆகல, கால்வாசி ஆகுது.

கைகலப்புப் படைக்கு இது முழுசா செல்லாது. நைட் 30 பேர் இருந்தாலும் குறுகலான இடத்துல முன்வரிசை மட்டும்தான் வெட்டும், பின்னாடி இருக்கிறவன் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருப்பான். அங்க கணக்கு வர்க்கத்தை விட்டுட்டு நேர்விகிதம் பக்கம் இறங்கும். ரெண்டு மரக்கூட்டத்துக்கு நடுவுல பலிசேடு (மர வேலி) வச்சு வழியைச் சுருக்கினீங்கன்னா 12 நைட்ல ஒரு நேரத்துக்கு நாலு பேர்தான் சண்டை போடுவான். எதிரி பலத்தைக் கணிக்கிறப்ப இடத்தையும் சேர்த்துக் கணிங்க.

மேடும் கணக்குல வரும். மேல நின்னு கீழ அடிச்சா அடி கால்வாசி கூடும், கீழ இருந்து மேல அடிச்சா கால்வாசி குறையும். மேட்டுல நிக்கிற 20 கிராஸ்போ பள்ளத்துல இருக்கிறவனுக்கு 25க்குச் சமம். பாலமதி மலையைப் பார்த்தே வளர்ந்தவங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனா ஆட்டத்துல பலரும் மேட்டைக் கண்டுக்கறதே இல்ல.

---

பாலாறு_பைக்மேன்

அகழி சொன்னதுக்கு மேல ஒண்ணு: பேனல் எல்லாத்தையும் சொல்லாது. பைக்மேனை (ஈட்டிக் காலாள்) கிளிக் பண்ணினா அட்டாக் 4ன்னு காட்டும். "வெறும் நாலா"ன்னு நைட்டை விட்டா கதை முடிஞ்சுது. குதிரைக்கு எதிரா +22 இருக்கு, அது அந்த எண்ணுல சேராது. ஸ்பியர்மேனுக்கு +15, ஹால்பர்டியருக்கு +32. ஸ்கிர்மிஷருக்கு (எறி ஈட்டிக்காரன்) வில்லாளி மேல +3, எலீட்டுக்கு +4. இந்த எண்களை மனப்பாடமே பண்ணிக்கணும், வேற வழி இல்ல.

பைக்மேனும் நைட்டும் ஒத்தைக்கு ஒத்தை நின்னா யார் ஜெயிப்பாங்க? பலரும் பைக்மேன்னு சொல்வாங்க. கணக்கு வேற. ரெண்டு பக்கமும் அப்கிரேட் இல்லைன்னா பைக்மேன் அடி 4ல 2 போக 2, அதோட 22, மொத்தம் 24. நைட் சாக அஞ்சு குத்து. குத்துக்குக் குத்து 3 செகண்டு, அதனால 12 செகண்டு. நைட் பக்கம் அடி 10, பைக்மேன் ஹெச்பி 55, ஆறு வெட்டு, 9 செகண்டு. நைட் ஜெயிச்சுடும். பைக்மேனோட பலம் விலையில இருக்கு: 35 உணவு, 25 மரம், மொத்தம் 60, தங்கமே வேணாம். 12 நைட்டோட விலைக்கு 27 பைக்மேன். 27க்கு 12 மோதினா நைட் நிக்காது. ஆனா 12 நைட்டுக்கு 12 பைக்மேன் அனுப்பிட்டு "கவுண்டர் யூனிட்தானே"ன்னு உக்காந்தா படை போயிடும். கவுண்டர்னு பேர் இருந்தாலும் எண்ணிக்கை வேணும்.

கிராஸ்போ முன்னாடி ஆறேழு பைக்மேன் நிறுத்தினா வேற பலன்: நைட் அவங்கமேல மோதி நிக்கிற நேரத்துல உங்களுக்கு இன்னும் ரெண்டு மூணு சரம் கிடைக்கும். கேள்வியில இருக்கிற நிலைமைக்கு என் பதில் இதுதான்: 20 கிராஸ்போவோட 7 பைக்மேன், அதாவது கூடுதலா 420 உணவும் மரமும். மொத்த மதிப்பு 1820. எதிராளி 1620. ஸ்கேல் பார்டிங் வரைக்கும் போட்ட நைட்னா நிக்கலாம். பேனல்ல அம்பு ஆர்மர் 4, ஹெச்பி 120ன்னு பார்த்தா பின்வாங்கணும்.

டிராவிடியன்ஸ் பத்தி. நைட் இல்லாதது குறைதான், ஆனா கணக்கு உங்களுக்குச் சாதகமா மாறுற இடங்கள் இருக்கு. பாரக்ஸ் (காலாள் கட்டடம்) ஆராய்ச்சிக்குப் பாதி விலை, அதனால பைக்மேன் அப்கிரேட் மலிவா சீக்கிரம் வரும். ஸ்கிர்மிஷர் 25 சதவீதம் வேகமா எறியும், அதனால எதிராளி வில்லாளி கொண்டு வந்தா உங்க நாலு ஸ்கிர்மிஷர் அஞ்சுக்குச் சமம். அதை நைட் மேல விட்டுடாதீங்க. எலீட் ஸ்கிர்மிஷர் அட்டாக் 3, ரெண்டு அப்கிரேடோட 5, செயின் பார்டிங் நைட் மேல அடி 1தான்.

இம்பீரியல் ஏஜ்ல (கடைசி யுகம்) வூட்ஸ் ஸ்டீல் ஆராய்ச்சி போட்டுட்டா உங்க காலாள், குதிரையோட அடி ஆர்மரையே பார்க்காது. அப்ப எதிரி பேனல்ல ஆர்மர் எவ்வளவு இருந்தாலும் சட்டை பண்ண வேண்டாம், ஹெச்பி மட்டும் பாருங்க. டியூட்டன்ஸ் மாதிரி கைகலப்பு ஆர்மரை நம்பி ஆடுறவங்களுக்கு எதிரா இது பெரிய வித்தியாசம். உங்க வில்லாளிகளுக்கு அது பொருந்தாது, அம்புக்குப் பழைய கணக்குதான்.

இதே கண்ணாடியை எதிராளி பக்கமும் திருப்புங்க. பிரிட்டன்ஸா, வில்லாளி தூரம் 1 கூட இருக்கும், உங்களுக்கு முன்னாடி ஒரு சரம் விட்டுடுவான். எத்தியோப்பியன்ஸா, 18 சதவீதம் வேகமா விடுவான், எண்ணிக்கையை மனசுல கூட்டிக்கோங்க. மாயன்ஸா, வில்லாளி விலையே கம்மி, அதனால தங்கச் சுரங்கத்தை எண்ணிப் போட்ட கணக்கைவிட படை கூட வரும். காத்ஸா, ஒண்ணும் எண்ண வேண்டாம். நீங்க எண்ணி முடிக்கிறதுக்குள்ள இன்னொரு 20 வந்திருக்கும்.

---

வெயிலூர்_வில்லாளி

காத்ஸ் சொன்னது சத்தியமான பேச்சுண்ணா 😄

பார்வைக்குக் கேசில்ல ஸ்பைஸ்னு ஒரு ஆராய்ச்சி கீது, எதிராளி பார்க்கிறதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனா எதிராளி வில்லேஜர் ஒருத்தனுக்கு 200 தங்கம். அவன்கிட்ட 60 வில்லேஜர்னா 12,000. அந்தத் தங்கத்துக்கு 160 நைட் வரும். ஆசைப்படாதே, ஸ்கவுட்டே போதும்.

---

ஆற்காடு_1751

இவ்வளவும் படிச்சுட்டு ஞாயித்துக்கிழமை நேரா மேட்ச்ல இறங்குறதைவிட, சினாரியோ எடிட்டர்ல ஒரு மணி நேரம் உக்காருங்க. கணக்குல பிடிபடாத விஷயம் அங்க கண்ணுக்குத் தெரியும்.

எடிட்டரைத் திறந்து சின்ன மேப், சமதரை, ரெண்டு பிளேயர். டிப்ளமசியில ரெண்டு பக்கமும் எனிமின்னு மாத்துங்க, ரெண்டு பக்கமும். ஒரு பக்கம் விட்டுட்டா ஒருத்தன் அடிப்பான், இன்னொருத்தன் வேடிக்கை பார்ப்பான். ரெண்டு பேருக்கும் கேசில் ஏஜ் வைங்க. பிளேயர் 1க்கு 20 கிராஸ்போ, பிளேயர் 2க்கு 12 நைட், நடுவுல 12 கட்டம் இடைவெளி. மூலையில ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வில்லேஜரும் வீடும் போடுங்க, இல்லாட்டி கடைசி யூனிட் செத்த அடுத்த நொடியே ஆட்டம் முடிஞ்சு மிச்சம் எண்ண முடியாது.

அப்கிரேடுக்கு டிரிகர் (தானா நடக்கிற கட்டளை). எஃபெக்ட்ல ரிசர்ச் டெக்னாலஜி எடுத்து பிளட்லைன்ஸ், ஸ்கேல் பார்டிங், செயின் பார்டிங் ஒவ்வொண்ணையும் தனித்தனி எஃபெக்டா பிளேயர் 2க்குச் சேருங்க. உங்க பக்கத்துக்கு ஃபிளெட்ச்சிங், பாட்கின். இன்னொரு டிரிகர்ல நைட் எல்லாத்துக்கும் பேட்ரோல் கொடுத்து உங்க ஆளுங்க பக்கம் வர வைங்க. போஸ்ட் இம்பீரியல்னு வச்சா எல்லா ஆராய்ச்சியும் தானா வந்துடும், அது இந்தச் சோதனைக்கு உதவாது.

அப்புறம் டெஸ்ட். ஒரே அமைப்பை அஞ்சு தடவையாவது ஓட்டுங்க, குறி தவறுறதால ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு தலை மாறும். பிறகு ஒரு எஃபெக்டை மட்டும் எடுத்துட்டு மறுபடி ஓட்டுங்க. ஒரே நேரத்துல ரெண்டை மாத்தினா எதனால மாறிச்சுன்னு தெரியாது. அதுக்கப்புறம் கிராஸ்போவை 24 ஆக்குங்க, 28 ஆக்குங்க. எந்த எண்ணுல பக்கம் திரும்புதுன்னு பாருங்க. அந்த எண்ணுதான் மேட்ச்ல உங்களுக்கு வேணும்.

கையாள்றதுலயும் ஒரு வித்தியாசம் பாருங்க. நைட்டை அடிக்கிறப்ப 20 பேரையும் ஒரே நைட் மேல ரைட் கிளிக் பண்ணலாம், அடி வீணாகாது, ஒரு சரத்துக்கு 51தான் போகுது, நைட்டுக்கு 120 இருக்கு. எதிர்ல கிராஸ்போ நின்னா அப்படிச் செய்யாதீங்க. 35 ஹெச்பி, அடி 7, அஞ்சு அம்புல சாகிறவன் மேல 20 அம்பு விட்டா பதினஞ்சு மண்ணுல. அஞ்சஞ்சு பேரா பிரிச்சு அடிக்கணும், இல்லாட்டி பேட்ரோல் கொடுத்துட்டு அவங்களையே பிரிச்சுக்க விடணும். பலம் சமமா இருக்கிற ரெண்டு படைக்கு நடுவுல முடிவைத் திருப்புறது பெரும்பாலும் இதுதான்.

பேர்ல 1751ன்னு வச்சிருக்கிறதால ஒரு வார்த்தை. ஆற்காடு முற்றுகையை இந்த எடிட்டர்ல செய்யணும்னு பலருக்கும் ஆசை வரும். கிளைவ் ஆற்காட்டுக்குக் கிளம்பினப்ப கூட இருந்தது 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள். முற்றுகை 50 நாள் நீடிச்சது. முற்றுகை போட்ட ராசா சாகிப் பக்கம் பல மடங்கு ஆள், நெத்தியில இரும்புத் தகடு கட்டின யானைகளைக் கோட்டைக் கதவை இடிக்க விட்டாங்க. துப்பாக்கிச் சூட்டுல மிரண்ட யானைகள் திரும்பி சொந்தப் படையையே மிதிச்சது. ஆட்டத்துல ஆர்மர்ட் எலிஃபண்டுக்கு மிரள்றது கிடையாது, சாகிற வரைக்கும் கதவை இடிக்கும். பயம், சோர்வு, பசி மூணும் இந்த ஆட்டத்துல எண்ணா வராததால, அந்த முற்றுகையை வரலாறு மாதிரி முடிக்க வைக்கவே முடியாது. டிரிகர் போட்டு யானையோட உரிமையை மாத்தினாத்தான் உண்டு. டோட்டல் வார் வரிசையில மன உறுதி தனிக் கணக்கு, அங்க எதிரி பலத்தை எடை போடுறது வேற பாடம்.

---

குடியாத்தம்_குதிரை

அருமை அருமை. எடிட்டர் வழி நினைச்சே பார்க்கல. கடைசியா ஒரே சந்தேகம்: நைட் படையோட ஒரு மாங்கனலும் (கல் எறியிற இயந்திரம்) சேர்ந்து வந்தா அதை எத்தனை யூனிட்னு கணக்குல எடுக்கிறது?

---

அகழி_காவல்

விலைப்படி 160 மரம், 135 தங்கம், ரெண்டு நைட்டைவிடக் கொஞ்சம் மேல. ஆனா கிராஸ்போவுக்கு எதிரா விலைக் கணக்கு செல்லாது. அடி 40, சுத்தி இருக்கிறவங்களுக்கும் சேர்த்து. கிராஸ்போ 35 ஹெச்பி, லெதர் ஆர்மர் வரைக்கும் போட்டாலும் 38 அடி, ஒரே கல்லுல காலி. நெருக்கமா நின்னா ஏழெட்டு பேர் ஒண்ணா போவாங்க. கிராஸ்போ அப்கிரேட் ஆகி ஆர்பலெஸ்ட் ஆயிட்டா 40 ஹெச்பி, அதே லெதர் ஆர்மரோட ஒரு கல்லுக்கு ரெண்டு ஹெச்பியில பிழைப்பாங்க, அது இம்பீரியல்ல.

மாங்கனல் கண்ணுல பட்டா முதல் வேலை படையை ரெண்டு கும்பலா விரிச்சு நிறுத்துறது. அதுக்கு ஹெச்பி 50தான், ஆனா அம்பு ஆர்மர் அதிகம், வெட்டவெளியில கிராஸ்போ அதை அடிச்சு நேரத்தை வீணாக்க வேண்டாம். குறைஞ்ச தூரம் 3 கட்டம், அதுக்குள்ள நுழைஞ்சிட்டா அது அடிக்க முடியாது. லைட் கேவல்ரி மூணு நாலு பேரைச் சுத்தி அனுப்புங்க, டிராவிடியன்ஸுக்கு அது உண்டு. கேவல்ரி இல்லாத நேரத்துல 12 நைட் + மாங்கனல் வந்தா டவுன் சென்டருக்குள்ள கொள்ற அளவுக்கு கிராஸ்போவை ஏத்திடுங்க. மாங்கனலோட தூரம் 7, அது டவுன் சென்டரை அடிக்கக் கிட்ட வரட்டும், வர்றப்ப வெளிய இறங்கி மேல விழலாம்.

---

வெயிலூர்_வில்லாளி

ஞாயித்துக்கிழமை எத்தினி மணிக்குன்னு சொல்லு தம்பி, நானும் வரேன். மத்தியானம் வேணாம், இந்த வெயில்ல சிஸ்டமும் சூடாகி ஆட்டம் இழுக்கும், நம்ம மண்டையும் சூடாகும். நான் ஃபிராங்க்ஸ் எடுக்கிறேன், என் நைட்டைக் கிளிக் பண்ணி எண்ணிக்க.